பங்கு போட்ட பறக்கும் தட்டு

ராயபுரத்தில் அத்தாவுல்லாவின் காயிலாங்கடை எது என்று கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள். தட்டு பாய் கடை என்று கேட்டால் ஜட்கா வண்டிக்காரன்கூடக் குதிரையை நிறுத்திவிட்டு வழி சொல்வான். பழைய இரும்பு, பித்தளை, உடைந்த நங்கூரம், கப்பலில் கழித்துப்போட்ட சங்கிலி என்று வாங்கி விற்கிற மனிதருக்கு அந்தப் பட்டம் தொழிலால் வரவில்லை, வாயால் வந்தது. வெள்ளைக்காரன் மூட்டை கட்டிப் போன ஐந்தாவது வருஷம் அது. அமெரிக்காவில் வானத்தில் தட்டு பறக்கிறதாம் என்று பத்திரிகைகளில் துண்டு துண்டாகச் செய்தி வரும். மற்றவர்கள் படித்துச் சிரித்துவிட்டு அந்தக் காகிதத்திலேயே பொட்டுக்கடலை மடித்தார்கள். அத்தாவுல்லா மட்டும் சிரிக்கவில்லை.

அவருடைய கட்சி இதுதான். வானத்து ஆட்கள் இன்றைக்கு நேற்றைக்கு வரவில்லை, நம் பாட்டன் பூட்டன் காலத்திலேயே வந்து இறங்கியிருக்கிறார்கள். பல்லாவரம் பக்கம் மண்ணுக்குள்ளே கால் வைத்த மண்பெட்டி கிடைத்ததே, அதைச் சவப்பெட்டி என்று சொல்லி வெள்ளைக்காரன் விஷயத்தை அமுக்கிவிட்டான். "பொணத்துக்கு எதுக்குடா காலு வெச்ச பொட்டி? எயிந்து நடக்கவா?" என்று கடைக்கு வருகிறவனையெல்லாம் பிடித்துக் கேட்பார். சர்க்காருக்கு எல்லாம் தெரியும், தெரிந்தே மறைக்கிறது என்பார். வெள்ளைக்காரன் போகும்போது சாவிக்கொத்தோடு சேர்த்து மறைக்கிற வேலையையும் நம் ஆட்களிடம் கொடுத்துவிட்டுப் போனான் என்பார்.

கேட்டவர்கள் தலையை ஆட்டிவிட்டு, அந்தப் பக்கம் போய் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். மனைவி சாபிராவும் விடமாட்டாள். "தட்டுல சோறு வெச்சிகீறேன், அது பறக்கறதுக்குள்ள வந்து துன்னுங்க" என்பாள். அவரும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் உள்ளுக்குள் வலிக்கும். மனுஷனுக்குப் பெரிய ஆசை ஒன்றும் இல்லை. யாராவது ஒருவர், விவரம் தெரிந்த ஒரு சர்க்கார் ஆளாக இருந்தால் இன்னும் நல்லது, எதிரில் நின்று "நீங்க சொல்றதை நான் நம்பறேன்" என்று ஒரு தடவை சொல்ல வேண்டும். அது போதும் அவருக்கு. அதற்காகத்தான் நாற்பது வயதில் ஊர் சிரிக்கச் சிரிக்க வாயை மூடாமல் திரிந்தார்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் பொன்னுரங்கம் கடைக்கு வந்தான். திருவொற்றியூருக்கு வடக்கே உள்ள ஒரு மீனவக் குப்பத்துக்காரன், அத்தாவுல்லாவுக்கு ரொம்ப நாள் தோஸ்து. வலைக்குக் கட்ட ஈயக்குண்டு வாங்க வருகிறவன், அன்றைக்கு விற்க வந்திருந்தான். மடியிலிருந்து ஒரு தகட்டை எடுத்துத் தராசுப் பக்கத்தில் வைத்தான்.

அத்தாவுல்லா அதைக் கையில் எடுத்தார். உள்ளங்கையில் இருக்கிற மாதிரியே தெரியவில்லை, அவ்வளவு லேசு. யுத்தத்தில் விழுந்த ஆகாயவிமானத் தகடு அவர் கடைக்கு மூட்டை மூட்டையாக வந்திருக்கிறது. இது அந்த ரகம் இல்லை. ஒரு பக்கம் வளைந்திருந்தது. மறுபக்கம் உளி வைத்து வெட்டிய தடம்.

"இது இன்னாத்துலேர்ந்து வெட்னது, பொன்னுரங்கம்?"

"யாருக்குத் தெரியும் பாய்? வெள்ளிக்கெயம விடிகாலைல கரவலை வுட்டுகினு இருந்தோமா, மானத்துலேர்ந்து சொய்யினு வெளிச்சமா ஒண்ணு வந்து கடல்ல வுயுந்துச்சு. வலைய இயுத்தா மீனோட அதுவும் வந்து கீது. வட்டமா, பெரிய தாம்பாளம் கணக்கா. நாலு பேரு குந்தலாம்."

அத்தாவுல்லா தகட்டைக் கீழே வைக்காமலே கேட்டார். "மிச்சம் எங்கய்யா?"

"மிச்சம் இன்னா மிச்சம்? பங்கு போட்டாச்சு."

கரைவலை வழக்கம் அப்படி. ஊரே கூடிக் கயிறு பிடித்து இழுக்கிற வலை அது. அதில் என்ன வந்தாலும் கயிற்றைத் தொட்டவர்களுக்கெல்லாம் பங்கு உண்டு. கோயிலுக்கு ஒரு பங்கு. கடலில் புருஷனைப் பறிகொடுத்தவளுக்கு, அவள் கயிற்றைத் தொடாவிட்டாலும் ஒரு பங்கு. மீன் வந்தால் மீன், மரக்கட்டை வந்தால் மரக்கட்டை. வானத்திலிருந்து வந்தால் மட்டும் வழக்கம் மாறுமா? தகட்டை மணலில் போட்டு, ஒட்டு இருந்த இடமாகப் பார்த்து உளி வைத்து, வீட்டுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள்.

"அட பாவிங்களா!" என்று அத்தாவுல்லா தலையில் அடித்துக்கொண்டார். "ஆயிரம் வருஷத்துக்கு ஒருவாட்டி வர்றதுடா அது! அத்தப் போயி வஞ்சிர மீனு மாரி துண்டு போட்டீங்களே!"

"நீ கூவாத பாய். மெதுவாப் பேசு" என்று பொன்னுரங்கம் தெருவைப் பார்த்தான். அவன் பயத்துக்குக் காரணம் இருந்தது. போன வருஷம் ஏதோ கப்பலிலிருந்து விழுந்த துணிப்பொதி வலையில் மாட்டியது. அதையும் இப்படித்தான் பங்கு போட்டார்கள். போலீஸ் வந்து திருட்டு என்று சொல்லி நாலு ஆம்பளைகளைப் பிடித்துக்கொண்டு போனது. மூன்று பேர் திரும்பி வந்தார்கள். பச்சையம்மா என்ற மீன்காரியின் மகன் மட்டும் ஜெயிலில் காய்ச்சல் கண்டு செத்துப்போனான். கடலுக்குப் புருஷனையும் ஜெயிலுக்குப் பிள்ளையையும் கொடுத்தவள் அவள்.

விற்க வந்தவன் பயத்தில் தகட்டைத் திரும்ப மடியில் கட்டிக்கொண்டான். அத்தாவுல்லா கடையை அப்படியே சாத்திவிட்டு அவனோடு குப்பத்துக்குப் போனார்.

போய்ப் பார்த்தால் வயிற்றெரிச்சல். ஒரு வீட்டில் வானத்துத் தகடு சோற்றுப் பானைக்கு மூடி. ஒரு வீட்டில் கூரை ஓட்டைக்கு ஒட்டு. கோயிலில் அதை மணிக்குப் பதிலாகத் தொங்கவிட்டிருந்தார்கள். பூக்கூடை மாதிரி குழிந்த தட்டின் நடுப்பாகம் பச்சையம்மாவின் பங்குக்கு வந்திருந்தது. அதில்தான் அவள் மீன் அள்ளிக்கொண்டு சந்தைக்குப் போய்வந்தாள். "கூடை மாரி ஒயுகல பாய். மீன் தண்ணி மேல வயியாம தலை காஞ்சி கீது, சொகமா கீது" என்றாள். மகன் போன பிறகு அவள் சுகம் என்று ஒரு வார்த்தை சொல்லி அன்றைக்குத்தான் குப்பம் கேட்டதாம்.

அத்தாவுல்லா ஒவ்வொரு வாசலிலும் நின்று கெஞ்சினார். ஒரே ஒரு மணி நேரம், எல்லாத் துண்டையும் மணலில் சேர்த்து வையுங்கள், நான் ஒரு தடவை கண்ணால் பார்க்கிறேன் என்றார். அவர் அழாத குறையாகக் கேட்டதைப் பார்த்துப் பெண்களுக்கு மனசு இளகிவிட்டது. பானையை மூடி இல்லாமல் விட்டுவிட்டு வந்தார்கள். கூரையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தார்கள். எந்தத் துண்டு எதற்குப் பக்கத்தில் இருந்தது என்று வெட்டியவர்களுக்கு நினைவிருந்தது. ஓரத்திலிருந்து வைத்துக்கொண்டே வந்து, கடைசியாகப் பச்சையம்மா தன் பாத்திரத்தைக் கழுவி நடுவில் கவிழ்த்தாள்.

முழுசாக நின்றது. பத்திரிகையில் படித்ததைவிட அழகாக இருந்தது. வெயில் பட்டு அதன் மேல் நிறம் மாறி மாறி ஓடியது. அத்தாவுல்லா அதைச் சுற்றிச் சுற்றி வந்தார், தொட்டுத் தொட்டுப் பார்த்தார். இத்தனை வருஷச் சிரிப்பும் கேலியும் அந்த ஒரு மணி நேரத்தில் அவருக்குச் செரித்துப்போயிற்று. பிறகு அவரவர் பங்கை அவரவர் எடுத்துக்கொண்டு உலை வைக்கப் போய்விட்டார்கள்.

"வெளில மூச்சு வுடாத பாய்" என்று சொல்லித்தான் பொன்னுரங்கம் அனுப்பிவைத்தான். சரி என்று தலையை ஆட்டிவிட்டுத்தான் வந்தார். ஆனால் கண்ணால் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்க அவர் என்ன முனிவரா? மறுநாளே டிராம் பிடித்து ஒரு பத்திரிகை ஆபீசுக்குப் போய்விட்டார். ஆள் பேரைச் சொல்லவில்லை, குப்பத்தின் பேரைச் சொல்லவில்லை, திருவொற்றியூர்ப் பக்கம் என்று மட்டும் சொன்னார். அதில் என்ன கெட்டுவிடும் என்று நினைத்தார். பத்திரிகைக்காரர்கள் அதை ஒரு மூலையில், பரிகாசமான தலைப்போடு போட்டார்கள்.

அந்த வாரமே கடை வாசலில் ஜீப் வந்து நின்றது. முன்னால் ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர். பின்னால் மூக்குக்கண்ணாடி போட்ட, ஒல்லியான ஒரு அதிகாரி. தாமோதரன் என்று பேர் சொன்னார். எந்த இலாகா என்று சொல்லவில்லை. "அந்த இடத்தை எனக்குக் காட்டணும் பாய்" என்றார். அதட்டாமல், தயவாகக் கேட்டார்.

ஜீப்பின் பின்சீட்டில் இருவரும் உட்கார்ந்தார்கள். அத்தாவுல்லா, அடிக்கத்தான் போகிறார்கள் என்று பயந்துகொண்டே, கேட்காமலும் இருக்க முடியாமல், "சர்க்கார் இத்தயெல்லாம் மறைக்குதுன்னு சொல்றாங்களே சார், மெய்யா?" என்றார்.

தாமோதரன் வறட்சியாகச் சிரித்தார். "மறைக்கற அளவுக்கு அவங்களுக்கு ஏதாவது தெரிஞ்சிருந்தா நல்லா இருக்குமே. ஒண்ணும் தெரியாதுங்கறதைத்தான் மறைக்கறாங்க." முன்சீட்டில் இருந்த இன்ஸ்பெக்டரை ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பாய், அந்த வெள்ளிக்கிழமை விடியற்காலை எண்ணூர்க் கடற்கரையில் நான் நடந்துபோய்க்கிட்டிருந்தேன். நானும் பார்த்தேன். வெளிச்சமா வந்து தெற்கே கடல்ல இறங்கிச்சு. மேலிடத்துக்கு எழுதினேன். லீவு போட்டு டாக்டரைப் பாருன்னு பதில் வந்தது. உங்க செய்தியைக் காட்டிக் காட்டித்தான் இந்த ஜீப்பைக் கேட்டு வாங்கினேன். நீங்க சொல்றதை நான் நம்பறேன். ஒரே ஒரு துண்டு என் கையில் கிடைச்சாப் போதும்."

அத்தாவுல்லாவுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. எத்தனை வருஷம் காத்திருந்த வார்த்தை! அதுவும் சர்க்கார் மனுஷன் வாயால்! அந்த ஆளின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. எல்லாம் சொல்லிவிடுவது என்று அங்கேயே முடிவு செய்துவிட்டார். எந்த வீடு, எந்தக் கூரை, எல்லாம்.

ஜீப் குப்பத்து மணலில் இறங்கியதும் ஆம்பளைகள் வலையை விட்டு எழுந்து நின்றார்கள். பொன்னுரங்கம் அத்தாவுல்லாவைப் பார்த்தான். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

"எவன்டா எடுத்தது?" என்று இன்ஸ்பெக்டர் ஆரம்பித்தார். யாரும் எதையும் பார்க்கவில்லை, எதுவும் விழவில்லை என்றார்கள். பச்சையம்மா ஜீப்புக்கு ரெண்டு எட்டுத் தள்ளி உட்கார்ந்திருந்தாள். மடியோரத்தில் அந்தப் பாத்திரம், மேலே ஓலைப் பாயைப் போட்டு மூடியிருந்தது. அவள் ரெண்டு கையையும் பாயின் மேல் அழுத்தி வைத்திருந்தாள்.

இன்ஸ்பெக்டர் அத்தாவுல்லாவின் தோளில் தட்டினார். "பாய் ஒரு வார்த்த சொல்லட்டும் சார். அப்பால பாருங்க, ஆம்பள ஒருத்தனை வுடாம ஏத்திகினு போறேன். போன தபா துணிப்பொதி, இந்த தபா இது. சர்க்கார் சொத்துன்னா இவனுங்களுக்கு அவ்ளோ எளக்காரமா பூட்ச்சி."

"யாரையும் பிடிக்க வேண்டாம், எனக்குத் துண்டுதான் வேணும்" என்றார் தாமோதரன்.

"அது உங்க வேலை சார். இது என் வேலை" என்றார் இன்ஸ்பெக்டர்.

அத்தாவுல்லா பச்சையம்மாவைப் பார்த்தார். கயிற்றைத் தொட்டவர்களுக்கெல்லாம் பங்கு என்றால், இப்போது கயிற்றைத் தொட்டவர்களுக்கெல்லாம் ஜெயில். இந்த ஜீப்பை இங்கே கொண்டுவந்து நிறுத்தியது யார்? தன் வாய்தான். வெட்கம் பிடுங்கித் தின்றது அவரை.

"நான் பொய் சொன்னேன் சார்" என்றார்.

தாமோதரன் அவரையே பார்த்தார். "என்ன?"

"கட்டுக்கதை சார். கடைக்கு ஆளு வரட்டும்னு பத்திரிகைல போய் வுட்டேன். ராயபுரத்துல யார வேணா கேளுங்க, தட்டு பாய்னு எனக்குப் பேரே கீது."

இன்ஸ்பெக்டர் இடிச்சிரிப்பாகச் சிரித்தார். அவர் சிரித்தது அத்தாவுல்லாவைப் பார்த்து இல்லை, தாமோதரனைப் பார்த்து. அந்தச் சிரிப்பு அத்தாவுல்லாவுக்கு நன்றாகத் தெரிந்த சிரிப்பு. கடைவாசலில் தினம் அவர் வாங்கிக்கட்டிக்கொள்கிற அதே சிரிப்பு.

தாமோதரன் பக்கத்தில் வந்தார். குரல் கெஞ்சுகிற மாதிரி இருந்தது. "பாய், நான் பார்த்தேனே. அது விழுந்ததை என் கண்ணால பார்த்தேன். நிஜமாச் சொல்லுங்க, நீங்க ஒண்ணும் பார்க்கலையா?"

நிறைய சமாதானம் சொல்ல வேண்டும் போல இருந்தது அத்தாவுல்லாவுக்கு. அப்புறம் வீட்டுக்கு வாருங்கள், தனியாகப் பேசலாம் என்று சொல்லவும் வாய் வந்தது. ஆனால் இன்ஸ்பெக்டர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

"ஒண்ணியும் இல்ல சார்" என்றார். "விடிகாலைல கண்ணு கூசும். நீங்க பாத்தது எதுனா கொக்கா இருக்கும் சார்."

தாமோதரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஜீப்பில் ஏறினார். இன்ஸ்பெக்டர் ஏறும்போதும் சிரிப்பை அடக்கவில்லை. "வூட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க சார்" என்று சொன்னது குப்பம் பூராவும் கேட்டது.

ஜீப் மறைந்ததும் பொன்னுரங்கம் ஓடிவந்து அத்தாவுல்லாவைக் கட்டிக்கொண்டான். பச்சையம்மா அவர் காலில் விழப்போனாள், யாரோ பிடித்து நிறுத்தினார்கள். அத்தாவுல்லா மணலில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி தேம்பித் தேம்பி அழுதார்.

"போய்ட்டானுங்க பாய். இன்னாத்துக்கு இன்னும் பயந்துகினு கீறே?" என்றான் பொன்னுரங்கம்.

"பயமில்லடா" என்றார் அத்தாவுல்லா. "அந்த மனுசன் சொன்னது மெய்டா. அத்த மெய்னு சொல்றதுக்கு ஒலகத்துலயே நான் ஒருத்தன்தான் இருந்தேன். கொக்குன்னு சொல்லி அனுப்பிட்டேன்."