உள்பக்கத்துத் தேதி

அந்த டயர் கடையில் அவனுக்குச் சிடுமூஞ்சி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. ஸ்பேனர் இடம் மாறியிருந்தால் கோபம், காற்றுக் குழாய் கசிந்தால் கோபம், வண்டிக்காரர் யாராவது மெஷினை ஒட்டி நின்று வேடிக்கை பார்த்தால் அதற்கும் கோபம். ஆனால் வேலையில் புலி. அதனால் முதலாளி அவனுடைய முகத்தைப் பொறுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை, ஒரு வேனுக்கு ஆணி பிடுங்கிப் பஞ்சர் ஒட்டிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால், எதிரே லிஃப்டில் தங்கையின் சாம்பல் நிறக் கார் ஏறி நிற்கிறது. தங்கை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கைப்பேசி பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை முதலாளியின் கண்ணாடி அறைக்குள் கால்மேல் கால் போட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

டயர் மாற்றப் போகிறோம் என்று முந்தின நாளே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அந்தப் பக்கமே வராதீர்கள் என்று ஏதாவது சாக்குச் சொல்லித் தடுத்திருப்பான். ஆனால் மாப்பிள்ளை யாரையும் எதுவும் கேட்கிற ஜாதி இல்லை. கேட்டால் தலையில் இருக்கும் கிரீடம் இறங்கிவிடும்.

"மச்சான், உங்க பேரைச் சொன்னதும் முதலாளி மளமளன்னு குறைச்சுட்டார்" என்று சிரித்துக்கொண்டே வெளியே வந்தார் மாப்பிள்ளை. "நாலும் புத்தம் புதுசு. பட்டனைப் பாருங்க, விரலை விட்டா பாதி உள்ள போகுது."

நாலு டயர்களும் சுவரோரம் அடுக்கியிருந்தன. தரையைப் பிடிக்கும் அந்தப் பட்டன் வரிகள் ஆழமாகத்தான் இருந்தன. கறுப்பு பளபளவென்று மின்னியது. மின்னாமல் என்ன செய்யும், முந்தாநாள் உட்கார்ந்து பாலிஷ் தேய்த்ததே அவன்தானே.

டயரின் பக்கவாட்டில் நீளமாக எழுத்தும் எண்ணும் ஓடும். கடைசி நாலு எண்களில் முதல் இரண்டு அது தயாரான வாரம், அடுத்த இரண்டு வருடம். இது தெரிந்த வாடிக்கையாளர் நூற்றுக்கு நாலு பேர் இருந்தால் அதிகம். அந்தத் தேதி டயரின் ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கும். சில ரகங்களுக்கு உள்பக்கம் வெளிப்பக்கம் என்ற கட்டுப்பாடு கிடையாது, எப்படியும் மாட்டலாம். முதலாளி பார்த்துப் பார்த்து அந்த ரகத்தைத்தான் வாங்குவார். எங்கோ மூடிப்போன கம்பெனிகளின் தகரக் கொட்டகைகளில் வருடக்கணக்காக வெயிலில் வெந்த சரக்கு. வண்டியில் ஏற்றும்போது தேதி உள்பக்கம், காருக்கு அடியில் போய்விடும். படுத்துப் பார்த்தால்தான் தெரியும், யார் படுத்துப் பார்க்கிறார்கள்? கடையில் இந்த வித்தைக்குப் பெயர் 'வழக்கம் போல'.

குனிந்து எண்ணைப் படித்தான். எட்டு வருடத்துக்கு முந்தைய சரக்கு. நேராகக் கண்ணாடி அறைக்குள் போனான்.

"முதலாளி, இது வேணாம். போன மாசம் வந்த லோடுல இருந்து குடுங்க."

"அந்த சைஸ் தீந்துபோச்சு. உன் மாப்பிள்ளையே தொட்டுப் பாத்து எடுத்ததுப்பா. வழக்கம் போல மாட்டிடு."

"என் தங்கச்சி தினமும் ஓட்டுற வண்டி. நாலு வழி ரோட்டுல நாப்பது கிலோமீட்டர் போறா. சூடேறினா இது தோல் உரிஞ்சிடும்."

முதலாளி கணினியிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. "மூணு வருஷமா மாட்டுற. ஒரு நாளாவது இந்த ரூமுக்குள்ள வந்து நின்னிருக்கியா? தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும்னு சும்மாவா சொன்னாங்க. போ, வண்டி நிக்குது."

அந்தக் கோபத்தையும் சேர்த்துக்கொண்டு வெளியே வந்து மாப்பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டான்.

"மாப்ள, ஒரு வாரம் பொறுத்துக்குங்க. நானே வேற கடையில நல்லதாப் பாத்து வாங்கித் தர்றேன்."

மாப்பிள்ளையின் முகம் அப்படியே சுருங்கியது. "ஏன், நான் வாங்கினா நல்லதா இருக்காதா? ஃப்ரிட்ஜ் வாங்கினப்பவும் உங்க வீட்டுல இதே பேச்சுத்தான். நான் ஒரு சாமான் எடுத்தா உங்களுக்கெல்லாம் ஆகவே ஆகாதே."

"அப்படி இல்ல மாப்ள..."

"பில் போட்டாச்சு மச்சான். மாட்ட முடியும்னா மாட்டுங்க. இல்லன்னா வேற ஆள் மாட்டட்டும்."

தூரத்திலிருந்து தங்கை, விட்டுவிடு என்று கண்ணால் கெஞ்சினாள். மாப்பிள்ளை முறுக்கிக்கொண்டால் வீட்டில் நாலு நாள் அனுபவிக்கப் போவது அவள்.

மாட்டுங்கள் என்றா சொன்னாய், இதோ மாட்டுகிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு முதல் டயரை மெஷினில் போட்டான். நல்ல ரப்பர் ரிம்முக்குள் வழுக்கிக்கொண்டு போகும். இது விறைத்துக்கொண்டு நின்றது. மாப்பிள்ளையைத் திட்டினான், முதலாளியைத் திட்டினான், சொந்தபந்தம் என்ற ஏற்பாட்டையே திட்டினான். எல்லாம் மனசுக்குள்தான். திட்டி முடிக்கும்போது டயர் ஏறிவிட்டிருந்தது. காற்றடிக்கக் குழாயை எடுத்தவன் அப்போதுதான் பார்த்தான். வெளிப்பக்கம் வழவழவென்று இருந்தது. தேதி உள்பக்கம்.

யாரும் சொல்லவில்லை, அவன் நினைக்கவும் இல்லை. கை அதுபாட்டுக்குத் திருப்பியிருந்தது. சொந்தத் தங்கையின் வண்டிக்கு. அவனுக்குத் தன் கையையே வெட்டிப் போடலாம் போல வெறி வந்தது.

டயரைப் பிடுங்கித் திருப்பிப் போட்டான். மற்ற மூன்றையும் தேதி வெளியே தெரியும்படி மாட்டினான். பஞ்சர் அடையாளம் வைக்கிற மஞ்சள் சாக்பீஸை எடுத்து, நாலிலும் அந்த எண்ணைச் சுற்றி அழுத்தி வட்டம் போட்டான். பிறகு மாப்பிள்ளையைக் கூப்பிடவில்லை, தங்கையைக் கூப்பிட்டான்.

"இதைப் படி. முதல் ரெண்டு நம்பர் வாரம், அடுத்தது வருஷம்."

அவள் படித்தாள். வாய்க்குள் ஒரு கணக்குப் போட்டாள். "அண்ணா, இது நம்ம பெரியவ பொறந்த வருஷம்."

பெரியவள் மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள்.

அதற்கப்புறம் கடை ரெண்டுபட்டது. மாப்பிள்ளைக்கு விஷயம் புரிய ஒரு நிமிடம் பிடித்தது. புரிந்ததும், ஏமாந்த வெட்கம் எல்லாம் கூச்சலாக வெளியே வந்தது. காத்திருந்த இரண்டு வண்டிக்காரர்கள் எழுந்து போய்த் தங்கள் டயர்களைக் குனிந்து பார்த்தார்கள். முதலாளி டயர் பணத்தை மேசையில் வீசிவிட்டு, "திங்கக்கிழமை உன் மூஞ்சி இந்தப் பக்கம் தெரியக் கூடாது" என்றார். தெரியாது என்று சொல்லிவிட்டுச் சிடுமூஞ்சி பழைய டயர்களையே காரில் திரும்ப மாட்டினான்.

"மெதுவா ஓட்டிட்டுப் போகலாம், வேற கடை பாப்போம்" என்றார் மாப்பிள்ளை. அவர் குரலே மாறியிருந்தது. "மச்சான்னா இப்படி இருக்கணும். வேலை போனாப் போகுதுன்னு நின்னீங்க பாருங்க." முதுகில் தட்டிக் கொடுத்துவிட்டு வண்டியை வெளியே எடுக்கப் போனார்.

அவனுக்கும் நெஞ்சு கொஞ்சம் நிமிரத்தான் செய்தது. தங்கை மட்டும் நகரவில்லை.

"அண்ணா, எப்பவுமே தேதியை வெளியே வச்சுத்தான் மாட்டுவியா?"

பொய் சொல்லியிருக்கலாம். முகம் ஒத்துழைக்கவில்லை. "இல்ல" என்றான். "உள்ள."

"எல்லாருக்குமா?"

"முதலாளி சொல்ற எல்லாருக்கும்."

அவள் குரலை உயர்த்தவில்லை. "போன மாசம் எங்க ஆபீஸ்ல கணக்குப் பாக்குற அக்காவை இங்க அனுப்பினேனே. என் அண்ணன் இருக்கார், கண்ண மூடிட்டுப் போங்கன்னு சொல்லி அனுப்பினேன். அவங்களுக்கு எந்தப் பக்கம் மாட்டின?"

அவனுக்கு அந்த அம்மாளை நினைவிருந்தது. வெள்ளைக் கார். பின் சீட்டில் கைக்குழந்தைக்கான இருக்கை கட்டியிருந்தது. உங்க தங்கச்சி சொல்லித்தான் வந்தேன் தம்பி என்று வாய் நிறையச் சொன்னவர். ரோட்டில் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. காலையிலிருந்து ஊரில் எல்லோர் மேலும் வந்த கோபம், போவதற்கு இடம் இல்லாமல் அவனிடமே வந்து நின்றது.

அவன் முகத்தைப் பார்த்தே தங்கை புரிந்துகொண்டாள். கைப்பேசியில் அந்த அக்காவின் எண்ணைத் தேடி அழுத்தி, அவனிடம் நீட்டினாள்.

"நீயே சொல்லு."

கிரீஸ் கையோடு வாங்கிக் காதில் வைத்தான். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள். பின்னால் காற்று இரைந்தது. குழந்தை எதற்கோ சிணுங்கியது.

"சொல்லும்மா" என்றது அந்தக் குரல். "வண்டி ஓட்டிட்டு இருக்கேன். பரவாயில்ல, ரோடு காலியாத்தான் இருக்கு, சொல்லு."