துபாய் கேமின் விளக்குகள்

டார்ச்சை ஆட்டாமல் பிடி என்று புருஷன் பலராமன் மறுபடியும் சொன்னபோது, அதை அவன் மண்டையிலேயே போட்டால் என்ன என்று கஸ்தூரிக்குத் தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பேகோபுரத் தெருவில் அவனுடைய ரேடியோ ரிப்பேர் கடையின் கதவு பாதி சாத்தியிருந்தது. மேசையில் விரித்த துண்டின்மேல் அந்தச் சனியன் பிடித்த கேம் கிடந்தது. உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய வெள்ளை பிளாஸ்டிக் பெட்டி. கறுப்புக் கண்ணாடிக்கு அடியில் அரிசி அளவு சிவப்பு விளக்குகள் விட்டுவிட்டு எரிந்து ஓடும். பொத்தானை அமுக்கி ஒரு விளக்கை மற்றவற்றிடம் சிக்காமல் கடைசிக் கோட்டுக்குக் கொண்டுபோனால் ஜெயம். இவ்வளவுதான். இதற்குத்தான் கீழ்பென்னாத்தூர் ஜனம் ஒரு வாரமாக வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

துபாயிலிருந்து அதைக் கொண்டுவந்தவர் கீழ்பென்னாத்தூரில் இருக்கும் பலராமனின் அண்ணன் ராஜமாணிக்கம். தன் மகன் மூர்த்திக்கு என்று சொன்னார். ஆனால் அவனைவிட அவர்தான் அதைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் வித்தை காட்டினார்.

வெள்ளிக்கிழமை குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கக் கஸ்தூரியின் குடும்பமும் அங்கே போயிருந்தது. சாயங்காலம் கேமில் பாதி விளக்கு எரியவில்லை என்று மூர்த்தி ஓவென்று அழுதான். கஸ்தூரியின் ஓரகத்தி சரோஜா நேராக உண்ணாமலையின் எதிரில் வந்து நின்றாள். கஸ்தூரியின் மகள். ஒன்பது வயசு. சரோஜா தட்டில் கற்பூரத்தைக் கொளுத்தி நீட்டி, "நான் இத தொடவே இல்லன்னு அணைச்சு சத்தியம் பண்ணுடி" என்றாள்.

தொடவில்லை என்று குழந்தை எப்படிச் சத்தியம் செய்யும்? மூர்த்தி சாப்பிடப் போனபோது ஆசையாய் ஒருதரம் எடுத்துப் பார்த்திருக்கிறது. "தொட்டேன் பெரிம்மா. ஆனா நான் தொடும்போதே அது சரியா எரியல" என்றது. முதல் வார்த்தைதான் எல்லார் காதிலும் விழுந்தது. மீதியைக் கேட்க எவருக்குப் பொறுமை? பலராமன் எழுந்து வந்து, அத்தனை பேருக்கும் முன்னால் மகளை ஓங்கி அறைந்தான். ராஜமாணிக்கம் நாற்காலியில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார். வேண்டாண்டா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்த அறை எதற்கு விழுந்தது என்று கஸ்தூரிக்குத் தெரியும். பலராமனின் பாஸ்போர்ட் இரண்டு வருஷமாக அண்ணனிடம் இருக்கிறது. விசா இதோ வரும், அதோ வரும். அண்ணன் முகம் கோணினால் வராது. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள். அந்த வீட்டில் ஆண்டிக்கும் இளைத்தது ஒன்பது வயசுப் பெண்.

அன்றிலிருந்து உண்ணாமலை வீட்டில் எதையும் கேட்காமல் எடுப்பதில்லை. காலையில் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "டம்ளர தொடலாமாம்மா?" என்று கேட்டது.

பலராமன் நாலு திருகாணியையும் கழற்றிப் பெட்டியைப் பிளந்தான். கருகின வாடை வந்தது. வயர் சொருகும் துளையைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பேறி இளகியிருந்தது. அவன் கை அப்படியே நின்றுவிட்டது.

"இன்னா?"

அவன் பழுப்பேறின இடத்தை நகத்தால் சுரண்டினான்.

"இன்னான்னு கேக்குறேன் இல்ல?"

"கரன்ட்ல சொருகியிருக்காங்க" என்றான், துண்டைப் பார்த்துக்கொண்டே. "அண்ணன் டேப்ரெக்கார்டருக்கு ஒரு எலிமினேட்டர் வெச்சிருக்காரு. பேட்டரி இல்லாம கரன்ட்ல பாட்டு கேக்க. அது பன்னெண்டு வோல்ட்டு. இது ஒம்போதுதான் தாங்கும். பாதி வெளக்கு கருகிப்போச்சு."

எலிமினேட்டர் ராஜமாணிக்கத்தின் பீரோவில் இருக்கிறது. பீரோ சாவி அவர் அரைஞாணில் இருக்கிறது. வியாழக்கிழமை ராத்திரி பேட்டரி தீர்ந்த பிறகும் விடாமல் ஊராருக்கு ஆட்டம் காட்டினதாகச் சரோஜாவே பெருமை பேசியிருந்தாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். குழந்தை கன்னத்தில் கை விழுந்தபோது அந்த மனுஷனுக்கு எல்லாம் தெரியும். தெரிந்துதான் பல் குத்திக்கொண்டிருந்தார்.

"இத அங்க சொல்லணும் நீங்க. எல்லார் எதிர்லயும்."

"சொல்றேன்."

"எப்போ?"

"மொதல்ல இத எரிய வுடு கஸ்தூரி."

ரமணாசிரமம் பக்கம் தங்கியிருந்த வெள்ளைக்காரன் ஒருவன் போகும்போது போட்டுவிட்டுப் போன டேப்ரெக்கார்டர் கடையில் கிடந்தது. பாட்டுக்குத் தக்கபடி ஏறி இறங்குகிற சிவப்பு விளக்குகள் அதில் உண்டு. பலராமன் அவற்றை ஒவ்வொன்றாக, ஈயத்தைச் சுட்டு இளக்கிக் கழற்றினான். சாதா பல்பு மாதிரி இவற்றை இஷ்டத்துக்கு வைக்க முடியாது, இரண்டு கம்பிக் கால் இடம் மாறினால் எரியாது. முதல் விளக்கை மாற்றி வைத்துவிட்டு, மறுபடி எடுத்துத் திருப்பி வைத்தான். வேர்வை மூக்கு நுனியில் வந்து நின்றது. புது பேட்டரி போட்டதும் வரிசை முழுக்க எரிந்தது. சந்தோஷப்படக்கூட அவனுக்குத் தெம்பில்லை. கெட்டிக்காரன்தான். கைக்கு இருக்கிற முதுகெலும்பு முதுகுக்கு இல்லையே என்று கஸ்தூரி பொருமினாள்.

சாயங்கால பஸ்ஸில் மூன்று பேரும் கீழ்பென்னாத்தூருக்குப் போனார்கள். உண்ணாமலை வரமாட்டேன் என்றுதான் சொன்னது. "உன் பேரு சரியாவணும்னா நீ இருக்கணும்" என்று கஸ்தூரிதான் இழுத்துக்கொண்டு போனாள்.

கேம் பீப் பீப் என்று கத்திக்கொண்டு ஓடியதும் ராஜமாணிக்கத்துக்கு வாயெல்லாம் பல். "பாத்தியா சரோஜா? துபாய்ல கூட இவ்ளோ சுருக்கா செய்ய மாட்டான். இவன் அங்க இருக்க வேண்டிய ஆளு" என்று தம்பியின் முதுகில் தட்டினார். "இன்னாடா கோளாறு?"

கஸ்தூரி புருஷனையே பார்த்தாள். பலராமன் அண்ணனையே பார்த்தான்.

"பேட்டரிண்ணா. பழைய பேட்டரி கசிஞ்சு போச்சு. யார் மேலயும் தப்பு இல்ல."

முழுப் பூசணிக்காய் சோற்றில் மறைந்தது. சரோஜா தலையாட்டினாள். அவ்வளவுதான், காரியம் முடிந்துவிட்டது.

"இல்ல மாமா" என்றாள் கஸ்தூரி. அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து மூத்தாருக்கு எதிரில் அவள் குரல் உயர்ந்ததில்லை. "பேட்டரி கசியல. பன்னெண்டு வோல்ட்டு எலிமினேட்டர சொருகி வெளக்கு கருகியிருக்கு. அது உங்க பீரோவுலதான இருக்குது? எம் பொண்ணு அடிவாங்கும்போது உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் கம்முனு உக்காந்துக்கினு இருந்தீங்க."

சரோஜா புருஷனைப் பார்த்தாள். பார்த்த வேகத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பலராமன் "கஸ்தூரி..." என்று பல்லைக் கடித்தான். ராஜமாணிக்கத்தின் காது மடல் சிவந்தது. பிறகு அவர் சிரித்தார்.

"ஒரு வெளையாட்டு சாமானுக்கு இத்தினி பேச்சாம்மா? போவுது வுடு." உண்ணாமலையின் பக்கம் திரும்பிக் கேமை நீட்டினார். "இந்தா, நீ வெளையாடு. பெரிப்பா குடுக்குறேன்."

உண்ணாமலை அசையவில்லை. இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால் போயின.

"வாங்கிக்கம்மா" என்றான் பலராமன். அண்ணனின் நீட்டின கை நீட்டினபடியே நின்றது. "பெரிப்பா ஆசையா குடுக்குறாரு இல்ல? வாங்கிக்க." மகளுக்கு எதிரில் மண்டி போட்டான். அவள் வலக்கையை முன்னுக்கு இழுத்தான். அது இறுக மூடியிருந்தது. மத்தியானம் அத்தனை சின்ன விளக்குகளைப் பதமாய்த் தொட்ட விரல்களால் அந்த மூடின கையைப் பிரிக்கப் பார்த்தான். சுண்டுவிரலைப் பிரித்துவிட்டு மோதிர விரலுக்குப் போனால், சுண்டுவிரல் மறுபடி மடங்கிக்கொண்டது. அவன் தலைக்கு மேலே சிவப்பு விளக்குகள், ஆட ஆளில்லாமல், ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஓடிக்கொண்டிருந்தன.