மேகம் துடைக்கும் வேலை

என் வேலை மேகம் துடைப்பது. கேட்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். எங்கள் வட்டாரத்துப் பெரிய ஏரியையும் அதைச் சுற்றியுள்ள காட்டையும் அங்கே அடிக்கும் வெயிலையும் மழையையும் ஒரே வரைபடத்தில் கொண்டுவர எங்கள் அலுவலகம் வருடக்கணக்காக மாரடிக்கிறது. செயற்கைக்கோள் தினமும் படம் எடுத்து அனுப்பிவிடும். ஆனால் அந்த ஏரிக்கு மேல் எந்நேரமும் மேகம். அதனால் மேகம் மறைத்த இடங்களைக் கணினி வெட்டி எறியும். ஒவ்வொரு வெட்டையும் நான் பார்த்துச் "சரி" என்று அழுத்த வேண்டும். மிஞ்சியவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொரு இடத்திலும் பெரும்பாலான நாட்களில் என்ன இருந்ததோ அதை மட்டும் கணினி வைத்துக்கொள்ளும். அசைகிற எதுவும் அந்தப் படத்தில் தங்காது. படகு, ஆட்டு மந்தை, சாலையில் போகும் லாரி எல்லாம் போய்விடும்.

என் தம்பிக்கும் இதே அலுவலகம்தான். நான் நாற்காலியைத் தேய்ப்பவள், அவன் காட்டில் மரம் அளப்பவன். "படத்துல பச்சையா தெரிஞ்சா காடாயிடுமாக்கா? இரு, நான் போய்த் தொட்டுப் பாத்துட்டு வந்து சொல்றேன்" என்று என்னை வம்புக்கு இழுப்பான். மழைக்காலம் தொடங்கிய சமயம், படகுக்காரருக்குக் காய்ச்சல் என்று தானே படகை எடுத்துக்கொண்டு போனான். மதியம் சூறைக்காற்று அடித்தது. அவன் திரும்பவில்லை. துடுப்பும் மிதவைச் சட்டையும் தென்கரையில் ஒதுங்கின. அதனால் தென்கரையைச் சல்லடை போட்டுத் தேடினார்கள், நானும் அந்தப் பக்கத்துப் படங்களையே துழாவினேன். பிறகு எல்லோரும் கைகழுவிவிட்டார்கள்.

அவன் பெண்டாட்டி மட்டும் விடவில்லை. அவளுக்கு எதிர்ச்சாரியில் மருந்துக்கடையில் வேலை. மதிய இடைவேளையில் வந்து, முக்காலியை என் மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். சாப்பாட்டுப் பையைத் திறக்கமாட்டாள்.

"இன்னிக்காவது படத்துல தெரிஞ்சாராக்கா?"

"தெரிஞ்சா சொல்லாமலா இருப்பேன்?" என்று எரிந்து விழுவேன்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று ஊருக்கே தெரியும். ஆனால் அவள் கேட்கும்போது எனக்கு வந்தது பயம். எங்கள் படத்தில் தெரிவதென்றால் என்ன அர்த்தம் என்று அவளிடம் நான் சொன்னதே இல்லை. உயிரோடு இருப்பவன் எப்படியாவது நகர்வான், நகர்கிறவன் எங்கள் படத்தில் தெரியமாட்டான். ஏரி வெறுமையாக வர வர எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனாலும் அலமாரியோரம் கிடந்த அவனுடைய சேற்று பூட்ஸைப் பார்த்தால், நாற்காலிக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோலத் திரும்பிப் பார்ப்பேன்.

மழைக்காலம் முடிந்தது. மொத்தப் படமும் அடுக்கி முடிந்து திரையில் விரிந்தது. நீலம் ஒரு சுருக்கமில்லாமல் கிடந்தது. வடக்கு மூலையில், மரங்கள் தண்ணீருக்குள்ளேயே நிற்கும் காட்டின் ஓரத்தில், ஓர் ஆரஞ்சுப் புள்ளி. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் படகுகளில் இருப்பதெல்லாம் ஆரஞ்சுத் தார்ப்பாய்.

பிரிவுத் தலைவர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "ஏதோ அழுக்கும்மா. துடைச்சுட்டு அச்சுக்கு அனுப்புங்க. ஏற்கெனவே மேலிடத்துல உயிரை வாங்குறாங்க."

"அழுக்கில்ல சார். படகு. அது அந்த இடத்தை விட்டு நகரவே இல்ல."

அவருக்கு முகம் செத்துவிட்டது. உடனே போனை எடுத்து வடக்கே ஆள் அனுப்பச் சொன்னார். அந்த மனிதரை எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன், அன்றைக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

தம்பி பெண்டாட்டி வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "நான்தான் அப்பவே சொன்னேனேக்கா! இருக்காரு பாத்தீங்களா!"

அவள் கைகளை மெல்ல விலக்கிவிட்டுத் திரையின் பக்கம் திரும்பினேன். அவன் இருக்கிற இடத்தைக் காட்டச் சொல்லி அவள் கேட்டதால், அடுக்குவதற்கு முந்தைய படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். சூறைக்காற்றுக்கு மறுநாள், படகின்மேல் தார்ப்பாய் சுருண்டு கிடந்தது. அதற்கடுத்த படத்தில் அது இரண்டு மரங்களுக்கு நடுவே இழுத்துக் கட்டப்பட்டிருந்தது.

"கூடாரம் போட்டிருக்காருக்கா! மழையில நனைஞ்சா அவருக்குத் தும்மல் வந்துரும்ல." அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

என் பயமெல்லாம் பொய்யாகிவிட்டது. நகராமலே ஒருவன் உயிரோடு இருக்கலாமே, படகுக்குத்தானே துடுப்பில்லை! அவசரமாக அடுத்ததைத் திறந்தேன். தார்ப்பாய்க்குப் பக்கத்தில் கறுப்பாக ஓர் ஓட்டை. மேகம் என்று கணினி வெட்டிய இடம். அதற்கடுத்ததிலும் அதே இடத்தில் ஓட்டை. அதற்கடுத்ததிலும். மற்றபடி அந்த மூலையில் வானம் மேகமில்லாமல் கிடந்தது. காடு முழுவதையும் விட்டுவிட்டு அந்த ஒரே இடத்தில் வந்து நிற்கும் மேகம் எது? வெட்டிய துண்டை மீட்டுப் பார்த்தேன். வெள்ளையாக, அடியில் நூலாகத் தொடங்கி மேலே போகப் போக விரிந்திருந்தது. மேகத்துக்கு அடியில் வேர் இருக்காது.

புகை. ஈர விறகைப் போட்டு மூட்டியிருக்கிறான். யார் பார்க்கிறார்களோ இல்லையோ, அக்கா தினமும் மேலிருந்து பார்ப்பாள் என்று அவனுக்குத் தெரியும். நான் அவனைத் தேடிக்கொண்டிருந்த நாளெல்லாம் அவன் கீழிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். ஒவ்வொரு புகைக்கும் நான் "சரி" அழுத்தியிருக்கிறேன்.

என் விரல் நிற்கவில்லை, படங்களைத் தள்ளிக்கொண்டே போனது. ஓட்டைகள் சிறுத்துக்கொண்டே வந்தன. பிறகு ஒரு படத்தில் ஓட்டையும் இல்லை, புகையும் இல்லை. தார்ப்பாய், மரங்கள், தண்ணீர், எல்லாம் பளிச்சென்று தெரிந்தன.

அவள் முக்காலியை முன்னால் நகர்த்தினாள். "இது எவ்வளவு நல்லா இருக்கு பாருங்கக்கா. மேகமே இல்ல. இனிமே வர்றதெல்லாம் இப்படித் தெளிவா இருக்குமாக்கா?"

அடுத்ததைத் திறந்தேன். அதற்கடுத்ததையும் திறந்தேன்.

"ஆமாம்மா," என்றேன். "எல்லாம் தெளிவாத்தான் இருக்கு."