சுவர்ப் பக்கத்து இடம்

துவைக்கிற கல்லுக்கு முன்னால் நின்றுகொண்டு பிரகாசம் சாட்சி சொல்லிப் பழகிக்கொண்டிருந்தான். கையில் மகள் ஈவ்லினுடைய பழைய காலேஜ் நோட்டு. கல்லின் மேல் டோரதி யூனிபார்ம் ஊறவைத்திருந்த வாளி. வாளிதான் சபை. அதைப் பார்த்து, "பிரியமானவங்களே, நான் ஒரு பெரிய பாவியா இருந்தேன்" என்றான். குரல் சரியாக வரவில்லை போலிருக்கிறது, தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து பாவியானான். சமையலறை ஜன்னலுக்கு இந்தப் பக்கம் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த டோரதிக்கு வயிறு எரிந்தது. இருபத்திரண்டு வருஷம் இந்த ஆளோடு குடித்தனம் பண்ணியிருக்கிறாள். இவன் பாவி என்பது அவளுக்கு நோட்டில் எழுதிப் படித்துக்காட்ட வேண்டிய சங்கதியா?

அவன் குடியை விட்டு ஏழு வாரம் ஆகியிருந்தது. ஹெப்பாளில் ஒரு ஃபேக்டரியில் லேத் ஆபரேட்டர். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, முந்தின நாள் குடித்தது தெளியாமலேயே கம்பெனி பஸ்ஸில் ஏறிக் கடைசி சீட்டில் தூங்கிப்போனான். ஃபேக்டரி வாசலில் எல்லோரும் இறங்கிப் போய்விட்டார்கள். நாற்றம் பிடித்தவனை நாம் ஏன் எழுப்ப வேண்டும் என்று விட்டிருப்பார்கள். டிரைவரும் வண்டியை ஓரம்கட்டி, கதவைச் சாத்திவிட்டு டிபன் சாப்பிடப் போய்விட்டான். அப்போதுதான் பக்கத்து சீட்டில் ஒருவர் உட்கார்ந்து, இவன் தோளில் கைவைத்து, "பிரகாசம், எறங்குப்பா" என்றாராம். கண்ணைத் திறந்தால் யாரும் இல்லை. கதவு சாத்தியபடியே இருந்தது. சீட்டைத் தொட்டுப் பார்த்தானாம், சூடாக இருந்ததாம்.

"டிரைவர் எழுப்பியிருப்பான்" என்று அன்றைக்கே சொன்னாள் டோரதி.

"டிரைவரு கன்னடத்தான். இளீரி, இளீரின்னுதான் கத்துவான். அந்த பஸ்ல எங்கிட்ட தமிழ்ல பேச யாரு இருக்கா, டோரதி? அதுவும் எறங்குப்பான்னு. எங்க அப்பன்கூட என்ன அப்டிக் கூப்ட்டதில்ல." சொல்லிவிட்டு அழுதான். அவன் அழுது அவள் பார்த்ததே இல்லை. அழவைத்துத்தான் பழக்கம்.

அன்றிலிருந்து குடியில்லை, கத்தலில்லை, தட்டு பறக்கவில்லை. சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைக்கிறான். விடியற்காலையில் எழுந்து பாயில் முழங்கால் போட்டு ஏதோ முணுமுணுக்கிறான். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு வருகிற பெண்கள் டோரதியைக் கட்டிப்பிடித்து, "உங்க ஜெபத்தக் கேட்டுட்டாரு பாத்தீங்களா" என்று ஆனந்தக் கண்ணீர் வடித்தார்கள். இவளுக்குச் சிரிக்கவும் வரவில்லை, அழவும் வரவில்லை. எத்தனை வெள்ளிக்கிழமை பட்டினி கிடந்திருக்கிறாள்! ஞாயிறு பள்ளி டீச்சராகப் பன்னிரண்டு வருஷம், மருத்துவமனையில் எந்த ஷிஃப்ட் என்றாலும் ஆராதனை தவறாமல் இருபது வருஷம். சிட்டி பஸ்ஸில் அவளும்தான் தினம் போகிறாள். பக்கத்து சீட்டில் மீன்கூடையும் காலேஜ் பையும்தான் உட்கார்ந்திருக்கின்றன. அவர் வந்ததில்லை. வந்தது யாருக்கு? கடைசி சீட்டில் வாயைத் திறந்துகொண்டு தூங்கியவனுக்கு. இதை வெளியே சொன்னால் பொறாமை என்பார்கள். பொறாமைதான். இல்லை என்று அவள் எங்கே சொன்னாள்?

இப்போது சாட்சி. அவர்கள் சபையில் சாட்சிக்கு என்று ஒரு முறை உண்டு. இரட்சிக்கப்படுவதற்கு முன்னால் ஆள் எவ்வளவு கெட்டவனோ அவ்வளவு நல்ல சாட்சி. சும்மா பொய் சொன்னேன், சினிமா பார்த்தேன் என்று சொல்கிறவனுக்கு ஸ்தோத்திரம்கூடச் சத்தமாக வராது. போன வருஷம் ஒருவர் மாமியாருடைய வளையலைத் திருடியதைச் சொன்னபோது கூரை அதிர்ந்தது. கல்யாணமானவன் என்றால் பெண்டாட்டியும் பக்கத்தில் நிற்க வேண்டும். அவன் அவளுக்குச் செய்ததையெல்லாம் மைக்கில் சொல்லச் சொல்ல, அவள் கைக்குட்டையை வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். சபை அவனைப் பார்க்காது, அவளைத்தான் பார்க்கும். கடைசியில் அவள் இரண்டு வார்த்தை, எல்லாம் அவருடைய கிருபை என்று சொல்ல வேண்டும். அதோடு முடிந்தது. பிரியாணி சாப்பிடப் போகலாம்.

அந்த நோட்டை டோரதி ஏற்கெனவே படித்துவிட்டாள், அவன் குளிக்கப் போயிருந்தபோது. நான்கு பக்கம். சம்பளத்தைக் குடித்தது, ஈவ்லினுடைய பிறந்தநாள் கேக்கைத் தெருவில் வீசியது, சபை மூப்பருடைய மகன் கல்யாணத்தில் வாந்தியெடுத்தது. மூன்றாம் பக்கத்தில் ஒரே ஒரு வரி: 'என் மனைவியைப் பல முறை அடித்திருக்கிறேன், இயேசு எல்லாவற்றையும் மன்னித்துவிட்டார்.' காது அதில் இல்லை.

எப்படி இருக்கும்? அவனுக்குத்தான் தெரியாதே. பதினான்கு வருஷத்துக்கு முன்னால், ஈவ்லினுக்கு ஐந்து வயது, ரசத்தில் உப்பு இல்லை என்று ஒரு அறை. இடது காதோடு சேர்த்து விழுந்தது. அறைந்தவன் அங்கேயே சாய்ந்து தூங்கிவிட்டான். மறுநாள் காலையில், "என்ன, காதுல பஞ்சு?" என்று கேட்டான். அந்தக் கேள்வியைத்தான் அவளால் இன்றைக்கு வரைக்கும் விழுங்க முடியவில்லை. "சளி" என்றாள். காது டாக்டரிடம் ஹேர்பின்னால் குடைந்தேன் என்றாள். ஒரு ஸ்டாஃப் நர்ஸ் ஹேர்பின்னால் காது குடைந்தாளா என்று அவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே மருந்து எழுதினார். மருந்துக்கு நரம்பு திரும்பவில்லை.

அதன்பிறகு அவளுக்கு உலகமே வலது பக்கம்தான். யாருக்கும் சொல்லவில்லை. தெரிந்தால் வார்டிலிருந்து எடுத்து ரிஜிஸ்டர் எழுத உட்கார வைத்துவிடுவார்கள் என்ற பயம் ஒன்று. சபைக்குத் தெரிந்தால் பாவம் டோரதி ஆகிவிடுவாள் என்ற ரோஷம் இன்னொன்று. போன் வலது காதில். பி.பி. பார்க்கும்போது ஸ்டெதஸ்கோப்பின் ஒரு முனைதான் வேலை செய்யும், இன்னொன்று வேஷத்துக்கு. சபையில் ஆண்கள் வலது பக்கம், பெண்கள் இடது பக்கம். அவள் மூன்றாவது பெஞ்சில் சுவரோரமாக உட்காருவாள், இடது காதைச் சுவருக்குக் கொடுத்துவிட்டு. மறந்து யாராவது இடது பக்கமாக வந்து கூப்பிட்டால் திரும்பமாட்டாள். "மம்மி, எத்தன தடவ கூப்டறது? திமிரா உனக்கு?" என்பாள் ஈவ்லின். கூப்பிட்டால் திரும்பமாட்டாயா என்று கேட்டுக் கேட்டு அவனும் அதற்காகவே எத்தனையோ முறை அடித்திருக்கிறான்.

சாயங்காலம் பாஸ்டர் ஜேக்கப் வந்தார். நல்ல மனுஷன்தான், ஆனால் யார் வீட்டுக்குப் போனாலும் தன் வீடு மாதிரி சோபாவின் நடுவில் உட்காருவார். டீயை உறிஞ்சிவிட்டு, "நாளைக்கு நீங்களும் பக்கத்துல நிக்கறீங்க சிஸ்டர்" என்றார். கேட்கவில்லை, சொன்னார்.

"நான் வரல பாஸ்டர்."

"கூச்சப்படாதீங்க. உங்க இருபது வருஷ ஜெபம் இது."

"நான் குடிய நிறுத்துங்கன்னுதான் கேட்டேன். கையில மைக் குடுங்கன்னு கேக்கல."

பாஸ்டர் சிரிக்கப் பார்த்து, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பிரகாசம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவர் ஜெபம் பண்ணிவிட்டுப் போனபிறகு ஈவ்லின் பிடித்துக்கொண்டாள். கோபம் வந்தால் அவளுக்குப் பாதி கன்னடம் வந்துவிடும். "ஏன் மம்மி சும்னே மூஞ்சிய தூக்கி வெச்சிருக்க? டாடி இப்ப எவ்ளோ நல்லா இருக்காரு. இன்னும் ஏனு பேக்கு உனக்கு?"

என்ன வேண்டும்? டோரதிக்கு அது தெரிந்துதான் இருந்தது. ஆனால் பத்தொன்பது வயதுப் பெண்ணிடம் அதை எப்படிச் சொல்வது? நேராகப் பின்கட்டுக்குப் போனாள். கொடியில் அவளுடைய யூனிபார்மை உதறிப் போட்டுக்கொண்டிருந்தான் பிரகாசம். அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

"மன்னிச்சிட்டாருன்னு எழுதியிருக்கீங்களே, நீங்க அடிச்சது யார? அவரையா?"

அவன் ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

"சொல்லுங்க. அடி வாங்குனவ இங்க குத்துக்கல்லாட்டம் நிக்கறேன். எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா? நேரா மேலேயே முடிச்சிக்கிட்டீங்க, இல்ல?"

"கேக்கணும்னுதான் இருந்தேன். பயமா இருந்துச்சு, டோரதி."

"எனக்குப் பதினாலு வருஷமா பயமா இருந்துச்சு." ஈரத்துணி கையில் முறுகியது. "சரி, ஒண்ணு கேக்கறேன். நீங்க செஞ்சதையெல்லாம் அவரு உங்களுக்குக் காமிச்சாரா? ஒண்ணு விடாம?"

"காமிச்சாரு."

"அப்ப அது அவரு இல்ல."

உள்ளே போய்விட்டாள். என்ன விட்டுப்போயிற்று என்று அவன் பின்னாலேயே வந்து கேட்டான். நோட்டை நீட்டி, நீயே எழுது என்றான். அவள் குக்கரை அடுப்பில் வைத்தாள். தானாகச் சொல்லக் கூடாது என்று பிடிவாதம் வந்துவிட்டது. உண்மையிலேயே அவர் வந்து இவன் பக்கத்தில் உட்கார்ந்தாரென்றால், அவருக்கு எல்லாம் தெரியுமென்றால், அவரே சொல்லட்டும். சொன்னால் அவர். சொல்லாவிட்டால் எல்லாம் வெறும் நடிப்பு. ஏழு வாரமல்ல, ஏழு வருஷம் குடிக்காமல் இருந்தாலும் அவளுக்கு ஒன்றுதான். இப்படி ஆண்டவரையே பரீட்சையில் உட்கார வைத்தது தப்பு என்று அவளுக்குத் தெரியும். இருக்கட்டும், தப்பென்றால் தப்பு. இத்தனை வருஷம் ஒரு தப்பும் பண்ணாமல் இருந்து என்ன கண்டாள்?

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல மூன்றாவது பெஞ்சில் சுவரோரம் உட்கார்ந்தாள். வலது பக்கத்தில் கைப்பையை வைத்துக்கொண்டாள், அதற்கப்புறம் வெள்ளிக்கிழமை ஜெபத்துக்கு வருகிற ஜோதிமணி, அதற்கப்புறம் ஈவ்லின். பாட்டு முடிந்து, காணிக்கை முடிந்து, பாஸ்டர் பிரகாசத்தை மேடைக்குக் கூப்பிட்டார். "சிஸ்டரும் வாங்க" என்று கையைக் காட்டினார். டோரதி அசையவில்லை. சபை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஜோதிமணி முழங்கையால் இடித்தாள். டோரதி ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிரகாசம் மட்டும் ஏறினான். கல்யாணத்துக்கு எடுத்த கோட்டு, தோளில் பிடித்தது. சம்பளத்தைச் சொன்னான், ஸ்தோத்திரம். கேக்கைச் சொன்னான், ஸ்தோத்திரம். பஸ்ஸைச் சொன்னபோது பின்பெஞ்சுகளில் விசும்பல் கேட்டது. மூன்றாம் பக்கத்தைத் திருப்பினான். நின்றுவிட்டான். அவ்வளவு நேரம் நின்றான், மைக் இரையத் தொடங்கியது.

"என் வீட்டம்மாவ அடிச்சிருக்கேன். அவரு மன்னிச்சிட்டாருன்னு இதுல எழுதி வெச்சிருக்கேன்." நோட்டை மூடினான். "நேத்து அவ எங்கிட்ட ஒண்ணு கேட்டா. எல்லாத்தையும் காமிச்சாரான்னு. காமிச்சாருன்னு சொன்னேன். பொய். குடிச்சிட்டு பண்ணது பாதி எனக்கு ஞாபகமே இல்ல. இன்னிக்கு விடியக்கால முழங்கால் போட்டுக் கேட்டேன். ஆண்டவரே, நான் அவள என்ன பண்ணேன், சொல்லுங்கன்னு. ரொம்ப நேரம் கேட்டேன். அவரு சொல்லல."

டோரதி ஃபேனிலிருந்து கண்ணை எடுத்தாள். அவ்வளவுதானா, என்று நினைத்தாள். அவள் ஜெயித்துவிட்டாள், ஆனால் அதில் ஒரு சந்தோஷமும் இல்லை.

"என்னக் கேக்காத, அவளக் கேளுன்னாரு" என்றான் பிரகாசம். "பஸ்ல கேட்ட அதே குரல். அவளக் கேளு, அவ சொல்றதக் கேளு. வேற ஒண்ணும் சொல்லல. கேக்காம எப்டிங்க நான் சாட்சி சொல்றது? என்ன மன்னிச்சிடுங்க பாஸ்டர், எங்கிட்ட சாட்சி இல்ல."

ஒருவரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. முழுதாக முடியாத சாட்சிக்கு என்ன சொல்வது என்று அந்தச் சபையில் யாருக்கும் தெரியாது. பாஸ்டர் எழுந்து பாதியில் நின்றார். மைக்கை ஸ்டாண்டில் மாட்டத் தெரியாமல் அப்படியே தரையில் வைத்துவிட்டு இறங்கினான் பிரகாசம். ஆண்கள் பக்கம் போகவில்லை. சுவருக்கும் பெஞ்சுகளுக்கும் நடுவே ஒரு ஆள் போகிற சந்து உண்டு, அதன் வழியாகப் பெண்கள் பக்கம் வந்தான். முதல் பெஞ்சு, இரண்டாவது பெஞ்சு. தலையில் முக்காடு போட்டவர்கள் எல்லோரும் திரும்பிக்கொண்டே வந்தார்கள். மூன்றாவது பெஞ்சுக்கு வந்து, சுவரை ஒட்டிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அவள் பக்கமாகக் குனிந்தான்.

கன்னத்தில் அவன் மூச்சு பட்டது. சாராய வாசனை இல்லை, பல்பொடி வாசனை. ஏதோ கேட்கிறான் என்று தெரிந்தது. எதிரே இரண்டாவது பெஞ்சிலிருந்து திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தவள் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்குக் கேட்டிருக்கிறது. டோரதிக்கு ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பக்கம் எப்போதும்போல அமைதியாக இருந்தது.

பேசாமல் இருந்திருக்கலாம். பதினான்கு வருஷம் இருந்தவளுக்கு இன்னும் ஒரு பத்து நிமிஷம் பெரிதில்லை. ஈவ்லின் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். டோரதி ஒரு விரலை எடுத்துத் தன் இடது காதின் மேல் வைத்தாள். அவனைப் பார்க்காமல், மேடையில் தரையில் கிடந்த மைக்கைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். குரல் கொஞ்சம் உரத்தே வந்துவிட்டது.

"இந்தக் காது கேக்காது. நீங்க அடிச்சதுதான். கேக்கணும்னா அந்தப் பக்கம் வாங்க."

அவன் எழுந்திருக்க நேரமாயிற்று. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். பின்னால் சுற்றி, பெஞ்சின் அந்த முனையிலிருந்து உள்ளே வந்தான். பெண்கள் ஒவ்வொருவராக முழங்காலை மடக்கினார்கள், சேலைகளை இழுத்துக்கொண்டார்கள், பாட்டுப் புத்தகங்களை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்கள். ஈவ்லின் அசையாமல் அம்மாவின் காதையே பார்த்துக்கொண்டிருந்ததால் அவள் காலைத் தாண்டித்தான் வர வேண்டியிருந்தது. ஜோதிமணி நகர்ந்தாள். டோரதி மைக்கைப் பார்த்தபடியே தன் வலது பக்கத்திலிருந்த கைப்பையை எடுத்தாள், எங்கே வைப்பது என்று தெரியாமல் சற்று நேரம் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தாள், பிறகு காலடியில் வைத்தாள்.