முன்னால் நின்ற பிளகின்

"ஒரு மாசமா ஒரு ஆர்டர்கூட வர்லம்மா. கருவாட்டக் கட்டி வச்சிக்கினு உக்காந்துருக்கோம். எங்கள ஏமாத்திட்டீங்களா?" என்று தையல்நாயகி அக்கா போனில் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. மரக்காணத்துக்குப் பக்கத்துக் குப்பத்துப் பெண்கள் கருவாடு விற்க, திண்டிவனத்தில் நானும் என் கூட்டாளி தீனதயாளனும் கட்டிக்கொடுத்த இணையக் கடை அது. ஆர்டர் வாங்கும் கம்ப்யூட்டர் கோட் முழுக்க நான் எழுதியது. அதில் தப்பு இருக்காது என்ற திமிர் எனக்கு உண்டு.

திறந்து படித்தேன். ஒரு எழுத்தும் மாறவில்லை. சோதனைக்கு ஒரு ஆர்டர் போட்டேன். 'நன்றி' என்று வந்தது. ஆனால் என் கோட் ஓடவே இல்லை.

எங்களுக்குள் ஒரு பழக்கம். ஒருவர் எழுதி முடித்த கோடில் மற்றவர் கை வைக்கக் கூடாது. எதையாவது மாற்ற வேண்டுமென்றால் தனியாக ஒரு பிளகின், அதாவது துணை நிரல், எழுதி முன்னால் நிறுத்துவோம். வாடிக்கையாளர் பட்டனை அழுத்தியதும் பழைய கோடுக்குப் பதிலாக அதுவே வேலையை வாங்கிக்கொள்ளும். இந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்த மகராசியும் நான்தான். பிளகின்கள் இருக்கும் இடத்தில் நான் பார்த்திராத ஒன்று இருந்தது. வந்த ஆர்டரையெல்லாம் விழுப்புரத்தில் தீனாவின் மச்சான் நடத்தும் கருவாட்டு மண்டிக்குத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தது. எழுதியவர் என்ற இடத்தில் தீனா தன் பெயரையே போட்டிருந்தான். நான் பார்க்கமாட்டேன் என்று அவ்வளவு நம்பிக்கை.

மயிலத்தில் ஒன்றாகப் படித்த நாளிலிருந்து எனக்கு எதிர் மேசைக்காரன். லேப்டாப்பை அவன் பக்கம் திருப்பினேன்.

"உன் கோட்ல நான் கையே வெக்கல சூர்யா," என்றான்.

"தெரியுதுடா. அதான் வயிறு எரியுது."

"மச்சான் கட மூடுற நெலமையில இருந்தான்..."

"அப்ப குப்பத்துப் பொம்பளைங்க?"

அவன் கண் முன்னாலேயே அந்தப் பிளகினை அழித்தேன். சாயங்காலம் தையல்நாயகி அக்காவே கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டேன்.

"வந்துடுச்சும்மா! தாம்பரத்துலேந்து நெத்திலி கேட்டுக்கீறாங்க! தீனா தம்பிதான சரி பண்ணாரு? நேத்து அவராண்ட அழுதேன். 'நான் பாத்துக்கறேன்க்கா'ன்னாரு. அந்தப் புள்ள நல்லாருக்கணும். கொஞ்சம் போனக் குடும்மா."

போனை அவன் பக்கம் நகர்த்தினேன். தீனா நிமிரவில்லை.

"தம்பி? லைன்ல இருக்கியாப்பா?" என்று அக்காவின் குரல் அவன் முன்னால் கேட்டுக்கொண்டே இருந்தது.