மைக்கில் வாசித்த திட்டம்

வெயில் ஏறுவதற்குள் சீட்டு எடுத்துவிடுவார்கள் என்றுதான் செவ்வந்தி நண்டுக் கூடையை வீட்டில் இறக்காமல் நேரே வந்து நின்றாள். அம்மன் கோயில் முன்னால் ஆண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவள் புருஷன் சகாதேவன், அவனுடைய நைனா உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்திருந்தான். ஏரியில் யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை கட்டலாம் என்பதைப் பாடுச் சீட்டுதான் தீர்மானிக்கும். சீட்டு எடுக்கும் பட்டியலில் பெயர் இல்லாதவன் வருஷம் முழுக்க அடுத்தவன் படகில் கூலிக்குப் போக வேண்டியதுதான்.

அவளுக்குப் பயமாக இருந்தது. பயம் இன்று வந்ததல்ல. புது வருஷ ஆராதனையில் பாஸ்டர் ஆளுக்கொரு தாள் கொடுத்து, "இந்த வருஷம் இன்னா செய்யணும்னு இருக்கீங்களோ எழுதுங்க, கர்த்தர் கையில குடுத்துடலாம்" என்றார். அவளும் எழுதினாள். மூத்தவளைப் பொன்னேரியில் நர்சிங் சேர்க்கணும். வீட்டுக்காரர் குடியை விட்டது நிலைக்கணும். சித்திரைக்குள் ரெண்டு பேரும் ஞானஸ்நானம் எடுக்கணும். பெட்டிக்குள் போட்ட தாள் பெட்டிக்குள்ளேயே கிடக்கும் என்று நினைத்தாள், பைத்தியக்காரி. பாஸ்டரோ ஒவ்வொன்றாக எடுத்து, பெயர் சொல்லி, மைக்கில் வாசித்து ஜெபித்தார். சர்ச் கூரைமேல் இருந்த ஸ்பீக்கரை ஊரைப் பார்த்துத்தான் கட்டியிருந்தார்கள்.

அதற்கப்புறம் யாரும் சண்டைக்கு வரவில்லை. ஒரு வார்த்தை கேட்கவில்லை. தண்ணீர் பிடிக்கப் போனால் அவள் குடத்துக்கு வழிவிட்டு எல்லோரும் தள்ளி நின்றார்கள்.

ஊர்த் தலைவர் தாமோதரன் கற்பூரத் தட்டோடு எழுந்தார். சகாதேவனுக்குச் சித்தப்பா முறை.

"இன்னாப்பா, வேற சாமிக்குப் போறீங்கன்னு கேள்விப்பட்டேன்."

"ஞாயித்துக்கெழம சர்ச்சுக்குப் போறோம், சித்தப்பா. ஏரிய வுட்டு எங்க போவப்போறோம்?"

"ஊர்ச் சீட்டு அம்மன் பேர்ல போடறது. தட்டத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கினு, அந்த ஞானஸ்நானம், முழுக்கெல்லாம் வேணாம்னு சொல்லிடு. உன் பொண்டாட்டியும் சொல்லட்டும்."

சகாதேவன் கையைத் தூக்கவில்லை. குடியை விட்ட எட்டு மாதமாகச் சாப்பிடுமுன் கண்ணை மூடி உட்கார்கிறவன். எங்கே மாட்டேன் என்று சொல்லிவிடுவானோ என்று அவளுக்கு உயிரே போயிற்று. சொல்லிவிட வேண்டும் என்றும் ஒரு மனம் ஆசைப்பட்டது. பிறகு நர்சிங் சேர வேண்டிய மகளின் முகம் நினைவில் வந்தது. கூடையைக் கீழே வைத்தாள். ஆண்கள் வரிசைக்குள் போய், சுடரின் மேல் கை காட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"முழுக்கு எடுக்கல," என்றாள். "நான்தான் தெரியாம எழுதிட்டேன்."

சகாதேவன் அவளையே பார்த்தான். பிறகு அவனும் ஒற்றிக்கொண்டான்.

"நல்லது," என்றார் தாமோதரன். "அடுத்த வருஷம் உன் பேர எழுதிடலாம். இந்த வாட்டி பட்டியல நேத்தே எழுதி முடிச்சாச்சு."

"இப்பத்தான சித்தப்பா தொட்டோம்."

"அதான் அடுத்த வருஷம்னு சொல்றேனே."

சீட்டுப் பானை வரிசையில் நகர்ந்து வந்தது. பக்கத்தில் இருந்த விஜயராகவன் தன் சீட்டை எடுத்துக்கொண்டு, கைப்பழக்கத்தில் பானையைச் சகாதேவன் பக்கம் நீட்டினான். சகாதேவனும் கையை உள்ளே விட்டான். தாமோதரன் குனிந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தார். கையை மெதுவாக வெளியே எடுத்து அவன் மடியில் வைத்துவிட்டு, பானையை அடுத்தவனிடம் கொடுத்தார்.