மந்திரிக்குக் கொடுத்த மாத்திரை

மரங்கள் பூக்கத் தொடங்கினால் ஊருக்கெல்லாம் கொண்டாட்டம். மந்திரிக்கு மட்டும் திண்டாட்டம்.

மந்திரி, பள்ளிக்கூட வேன் ஓட்டும் வேன் அக்கா வளர்க்கும் நாய். நடக்கக் கூட்டிப் போனால் யாரையும் முன்னால் விடாமல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போகும். அதனால் வந்த பெயர். அந்தப் பவிசெல்லாம் பூக்காலத்தில் பறந்துவிடும். பாதங்களை நக்கி நக்கி விரலிடுக்குகள் புண்ணாகும், காது சிவக்கும், வயிற்றில் முடி கொட்டும். காற்றில் வரும் பூந்தூள் ஒத்துக்கொள்ளாத அரிப்பு என்று கால்நடை மருத்துவரம்மா சொல்லியிருந்தார். வெளியே போய் வந்ததும் நாலு காலையும் கழுவி ஈரம் போகத் துடைப்பது, முதுகை ஈரத்துணியால் வழிப்பது, படுக்கும் விரிப்பைத் துவைப்பது என்று அவர் சொன்ன எதையும் வேன் அக்கா விடவில்லை. இந்த வருடம் பூ அதிகம். அத்தனையும் யானைப் பசிக்குச் சோளப்பொரியாகப் போயிற்று. வியாழக்கிழமை வாருங்கள், எடை பார்த்து மாத்திரை தருகிறேன் என்றிருந்தார் மருத்துவரம்மா.

அதற்குள் வீட்டில் போர் மூண்டுவிட்டது. வேன் அக்காவின் கொழுந்தனுக்குக் குளிர்பதனக் கிடங்கில் இரவு வேலை. பகலில்தான் தூக்கம். நாய் சொறியும்போது அதன் பின்னங்கால் தரையில் டொக் டொக்கென்று இடிக்கும். அவனுக்கு அது மண்டைக்குள் இடிக்கும். சமாதானம் செய்ய வேண்டிய அண்ணன்காரன் தொலைதூர லாரியில் எங்கோ போய்க்கொண்டிருந்தான்.

“அண்ணி, ஒண்ணு அது இந்த வீட்டுல இருக்கணும், இல்ல நான் இருக்கணும்.”

“அப்போ பெட்டியைக் கட்டுப்பா. அதுக்குப் போக வேற இடம் இல்ல.”

இது செவ்வாய்க்கிழமை நடந்த பேச்சு.

புதன்கிழமை காலைப் பள்ளிச் சவாரி முடிந்து, வழியில் வேனுக்குக் காற்றடித்துக்கொண்டு மதியம் அவள் வீடு திரும்பியபோது சொறியும் சத்தமே இல்லை. அப்பாடா என்று செருப்பைக் கழற்றினாள். பிறகுதான் சமையலறைப் பக்கமிருந்து மூச்சிரைக்கும் சத்தம் கேட்டது.

மந்திரி மேசையைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. நாக்கு தொங்கியது. கண்மணிகள் விரிந்து கண் முழுக்கக் கறுப்பாகத் தெரிந்தன. கூப்பிட்டாள், திரும்பவில்லை. பிடித்து நிறுத்தி நெஞ்சில் கை வைத்தாள். உடம்பு அனலாய்க் கொதித்தது. உள்ளே இதயம் துடிக்கவில்லை, உதறிக்கொண்டிருந்தது.

கொழுந்தனின் அறை திறந்து கிடந்தது. ஆள் இல்லை. நாயை அள்ளி வேனில் போட்டுக்கொண்டு, சிவப்பு விளக்கு ஒவ்வொன்றையும் சபித்தபடி ஓட்டினாள்.

மருத்துவரம்மா நாயைப் பார்த்த மாத்திரத்தில் கேட்டார். “என்ன சாப்பிட்டுச்சு?”

“எப்பவும் போடற சோறுதான் டாக்டர்.”

“இது சோத்தால வர்ற துடிப்பு இல்ல. ஏதோ உள்ள போயிருக்கு. என்னன்னு தெரியாம நான் ஊசி போட்டா அதுவே வினையா முடியலாம். நல்லா யோசிங்க.”

யோசிக்க என்ன இருக்கிறது? செவ்வாய்க்கிழமை பேச்சு அவள் காதில் மணியடித்தது. பாவி, சொன்னபடியே செய்துவிட்டானா? கைபேசியில் அவனை அழைத்தாள். எடுக்கவில்லை. மறுபடியும் அழைத்தாள்.

“மந்திரிக்கு என்னப்பா குடுத்தே?”

“நானா? நான் என்னத்தக் குடுத்தேன்?” என்றான், தேள் கொட்டிய திருடன் போல.

வாய்வரை வந்த வசவை அவள் மென்று விழுங்கினாள். மேசைமேல் நாயின் கால்கள் வெட்டி இழுத்தன.

“இங்க பாரு. உன்னைத் திட்டறதை அப்புறம் வெச்சுக்கலாம். அது செத்துட்டிருக்கு. பேரை மட்டும் சொல்லு.”

“சளி மாத்திரை அண்ணி…” குரல் உடைந்தது. “ரெண்டு. ரொட்டியில வெச்சுக் குடுத்தேன். இந்தப் பூவால எனக்கும் தும்மல், அரிப்பு. எனக்குக் கேட்டுச்சு. அதுக்கும் கேட்கும்னு நெனச்சேன். அதுவும் தூங்கும், நானும் தூங்கலாம்னு…”

“எப்போ?”

“காலையில நீங்க கிளம்பினதும்.”

“அட்டையை எடுத்துட்டு ஓடி வா!”

வந்தான். கொஞ்சம் தூங்கி எழுந்து முடிவெட்டப் போனவன், கடையிலிருந்து பாதியில் எழுந்து ஓடியிருக்கிறான். ஒரு பக்கம் மொட்டை, மறுபக்கம் காடு, கழுத்தில் கடைக்காரரின் துணி. வேறொரு நாளாக இருந்தால் வேன் அக்கா விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

மருத்துவரம்மா அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். “அரிப்பு மருந்தோட மூக்கடைப்பு மருந்தும் சேர்ந்திருக்கு. இந்த ரெண்டாவதுதான் நாய்க்கு எமன். அதுவும் மெதுவாக் கரையற மாத்திரை. இன்னும் உள்ள இறங்கிட்டிருக்கும்.” பேசிக்கொண்டே ஊசியை நிரப்பினார். “பேர் தெரிஞ்சதால இதைப் போடறேன். ரெண்டு பேரும் வெளிய உக்காருங்க.”

பெஞ்சின் ஒரு முனையில் அவள், மறு முனையில் அவன். உள்ளே நகங்கள் தகரத்தில் கீறும் சத்தம் வந்துகொண்டே இருந்தது. பிறகு அது நின்றது. நின்றதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

“அண்ணி, நான் வேணும்னு…”

“பேசாதே.”

அவன் துணியால் முகத்தைப் பொத்திக்கொண்டான். அழுகிறானா தும்முகிறானா என்று தெரியவில்லை. அவள் திரும்பிப் பார்க்கவுமில்லை.

கதவு திறந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. “துடிப்பு இறங்குது. சூடும் குறையுது,” என்றார் மருத்துவரம்மா. “கண்டம் முழுசாத் தாண்டல. ராத்திரி இங்கயே இருக்கட்டும்.” பிறகு கொழுந்தனைப் பார்த்தார். “மனுஷனுக்குக் கேட்கறதெல்லாம் நாய்க்கு மருந்து இல்லப்பா. இனிமே என்னைக் கேட்காம ஒரு பொட்டுகூடக் குடுக்காதே.”

அன்றிரவு வேன் அக்கா அவனுக்குச் சோறு போட்டாள். தட்டை அவன் முன்னால் நகர்த்திவிட்டு உள்ளே போய்விட்டாள். அவன் வேலைக்குப் போகவுமில்லை, தூங்கவுமில்லை.

மறுநாள், வியாழக்கிழமை, இருவரும் போனார்கள். மருத்துவரம்மா மந்திரியின் எடையைப் பார்த்து, அதற்கென்றே உள்ள அரிப்பு மாத்திரையை எடுத்து வைத்து, இரண்டு நாள் கழித்துத் தொடங்கச் சொன்னார். மந்திரி தள்ளாடி வந்து அவள் முழங்காலில் தலையை முட்டியது. பிறகு கொழுந்தனிடம் போய் அவனை முகர்ந்தது. அவன் சட்டென்று இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

வேன் அக்கா அதைப் பார்த்தாள். கோபம் இன்னும் தீரவில்லை. ஆனாலும் சொன்னாள்:

“கையை நீட்டுப்பா. அது உன்னைத்தான் தேடுது.”